வெளிச்சமா, சூடா

என் ஆராய்ச்சி கைடு என்னைப் பொய் சொல்லச் சொன்னபோது டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். கத்தியிருந்தாலாவது, மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்திருப்பேன். அவர் பிஸ்கெட்டை டீயில் நனைத்தபடியே, "அந்தப் புது லைட்டுல எடுத்த வீடியோவெல்லாம் சேக்க வேணாம்மா. பழைய லைட்டுல வந்ததை மட்டும் எடுத்துக்கலாம்" என்றார். மழைக்குக் குடை எடுத்துக்கோ என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

எதைச் சேர்க்க வேண்டாம் என்றார் என்பது புரிய, நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே பொடி ஈ, அதை வைத்துத்தான் என் ஆராய்ச்சி. வளர்ந்த ஈ வெளிச்சத்தைத் தேடிப் போகும். அதே ஈ புழுவாக இருக்கும்போது வெளிச்சத்தைக் கண்டால் திரும்பி ஓடும். இருட்டான பழச்சதைக்குள் புதைந்து தின்பதுதான் அதற்குப் பிழைப்பு. அந்தப் புழுவுக்குள் 'வெளிச்சம் வேண்டாம், இருட்டுக்குப் போ' என்று முடிவெடுப்பது எந்த நரம்புச் செல்கள்? படூரில் இருந்த எங்கள் கல்லூரி லேப் இந்தக் கேள்வியில்தான் பேர் வாங்கியது. நான் சேர்வதற்குச் சில வருடங்கள் முன்பே என் கைடு பதில் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு பேப்பர் வெளியிட்டிருந்தார். மூளையில் ஒரு சின்னக் கொத்துச் செல்கள். அவற்றை மட்டும் வேலை செய்யவிடாமல் ஊமையாக்கிவிட்டால் புழு வெளிச்சத்துக்குப் பயப்படுவதில்லை. அந்தப் பேப்பரின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

சோதனை எளிமையானது. ஒரு வட்டத் தட்டில் அகர் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி இறுக வைப்போம். பாதித் தட்டைக் கறுப்பு மூடியால் மறைப்போம். மேலே ஒரு விளக்கு. நடுவில் புழுக்களை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சாதாரணப் புழுக்களில் பெரும்பாலானவை மூடிக்கு அடியில் போயிருக்கும். செல்களை ஊமையாக்கிய புழுக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கண்டபடி திரியும். அந்தச் செல்கள் மூளையில் வேறு யாரோடு பேசுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

எங்கள் குப்பம் நெம்மேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையைத் தாண்டினால் எங்கள் தெரு. அப்பாவுக்குப் படகு. அம்மாவுக்குக் கோவளம் மார்க்கெட்டில் மீன் கூடை. நான் பி.எச்டி.க்கு ஈ வளர்க்கிறேன் என்று தெரிந்த அன்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஈ ஓட்றதுக்கு இன்னாத்துக்குடி காலேஜி? எங்கூட மார்க்கெட்டுக்கு வா, அங்க நெறைய கீது." தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து, கோவளத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து படூருக்கு இன்னொரு பஸ். லேபில் மக்காச்சோள மாவும் ஈஸ்ட்டும் வெல்லமும் கொதிக்கிற வாடையில்தான் என் நாள் தொடங்கும். பிடித்துப்போய்ச் செய்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

எல்லாம் ஒரு பல்பு ஃபியூஸ் போனதில் ஆரம்பித்தது. சோதனை விளக்கில் இருந்தது பழைய ஹாலஜன் பல்பு. அது போன பிறகு அந்த மாடலுக்குப் பல்பு கிடைக்கவில்லை. வேலை நிற்கக் கூடாது என்று பக்கத்து லேபில் ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி மாட்டினேன். வெளிச்ச அளவு பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்துதான் மாட்டினேன். அன்றிலிருந்து, ஊமையாக்கிய புழுக்களும் வெளிச்சத்தைக் கண்டு ஓட ஆரம்பித்தன. சாதாரணப் புழுக்களைப் போலவே, மூடிக்கு அடியில்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஈக்கள் கலந்துபோய்விட்டனவோ என்று மறுபடி முதலிலிருந்து இனச்சேர்க்கை செய்து வளர்த்தேன். தட்டை மாற்றினேன். அகரை மாற்றினேன். புழுக்களின் வயதை மாற்றிப் பார்த்தேன். ஓடிக்கொண்டேதான் இருந்தன. கைடிடம் போய்ச் சொன்னபோது அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் கை சரியில்லம்மா. புழுவை அழுத்தி எடுக்கிற. அது மிரண்டு ஓடுது."

அடுத்த வாரம் ஒரு சீனியரை என் பக்கத்தில் உட்காரவைத்து, நான் தூரிகையால் புழு எடுப்பதைக் கண்காணிக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலை நிமிரவே இல்லை. சீனியருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நல்லாதானே எடுக்கறா சார்" என்றார்.  அதற்கு என் கைடு என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். அங்கே மைக்ராஸ்கோப் பழுது பார்க்கும் ஒரு கடையில் பழைய பல்பு கிடைக்கும், வாங்கி வந்து மாட்டு என்றார்.

போனேன். திருப்போரூர் வழியாக, உட்கார இடமில்லாத பஸ்ஸில், மே மாத வெயிலில். பல்பு கிடைத்தது. மாட்டினேன். பழைய முடிவு அப்படியே திரும்பி வந்தது. ஊமையாக்கிய புழுக்கள் வெளிச்சத்தில் சாவகாசமாகத் திரிந்தன. "பாத்தியா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் போகவில்லை. தட்டைக் கழுவ எடுத்தபோது கறுப்பு மூடிக்கு அடியில் தட்டு முழுவதையும் மூடியிருந்த கண்ணாடி மூடியைப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த பாதியில் மட்டும் உள்பக்கம் வியர்த்திருந்தது. இருட்டுப் பாதி சுத்தமாக, காய்ந்து இருந்தது. அகரில் விரலை வைத்தேன். ஒரு பக்கம் இளஞ்சூடு. மறுபக்கம் சில்லென்று. அந்த இடத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹாலஜன் பல்பு சூடாகும். ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும் அது. அந்தப் பல்பின் மஞ்சள் வெளிச்சமோ, நீலத்தை மட்டும் நன்றாகப் பார்க்கும் புழுவின் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது. இத்தனை வருடமும் அந்தப் புழுக்கள் வெளிச்சத்தை விட்டு ஓடவில்லை, சூட்டை விட்டுத்தான் ஓடியிருக்கின்றன. இவர்கள் ஊமையாக்கிய செல்கள் சூட்டை உணரும் செல்களாக இருந்தால்? அடுத்த சில நாட்களில் அதையும் சோதித்தேன். விளக்கே கிடையாது, முழு இருட்டு. புழுவின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கேமரா. தட்டின் ஒரு பாதிக்குக் கீழே மட்டும் இளஞ்சூடான ஒரு தாமிரத் தகடு. சாதாரணப் புழுக்கள் சூட்டை விட்டு நகர்ந்தன. ஊமையாக்கிய புழுக்களுக்கு அது தெரியவே இல்லை. தகடு இருந்த பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவருடைய தப்பு எனக்கு முக்கியமாகவே படவில்லை. ஒரு புது விஷயம் கண்டுபிடித்திருக்கிறோம், சார் சந்தோஷப்படுவார் என்று நம்பிக்கொண்டு அவர் அறைக்குள் ஓடினேன். அப்போதுதான் டீ, பிஸ்கெட், "சேக்க வேணாம்மா".

"சார், அப்ப நம்ம பழைய பேப்பர் தப்பு இல்லையா?" என்று கேட்டேன்.

"தப்புன்னு ஏன் சொல்ற? அது ஒரு கோணம். நீ பட்டம் வாங்கணுமா, வேணாமா?"

வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் வாய மூடிக்கினு இருந்து பட்டத்த வாங்கினு வந்துடேண்டி. அப்புறம் எவன வேணா திட்டு" என்றாள். அம்மா மேலேயும் கோபம் வந்தது. அப்பா வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "பெரிய போட்டுக்காரனுங்க கடல்ல லைட்டு போட்டு மீன அள்ளினு போறானுங்க. கேட்டா நம்மளதான் சட்டம் தெரியாதவன்றான். எல்லா எடத்துலயும் இதே பேஜாருதான்" என்று சொல்லிவிட்டுத் துப்பினார். அவருக்கு அவர் கோபம்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் காட்டினேன். பழைய விளக்கு, புது விளக்கு, விளக்கே இல்லாத சூடு மட்டும். மூன்று வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். குழுவில் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், அந்தப் பேப்பருக்கு அப்போ பிளேட்டோட சூட்டை அளந்தீங்களா?"

"அது தேவைப்படல மேடம்" என்றார் என் கைடு. பிறகு என் பக்கம் திரும்பினார். டீ குடித்தபோது இருந்த முகம் இல்லை. "கோட்டாவுல சீட்டு வாங்கிட்டு வர்றது. பேசிக்கே தெரியாது. வந்த உடனே எனக்குப் பாடம் எடுக்கறது!"

 குழுவில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார். நான் நுழைவுத் தேர்வில் பொதுப் பட்டியலிலேயே இடம் வாங்கியது அந்தக் குழுவுக்குத் தெரியும். தேர்வு வைத்ததே அவர்கள்தான். அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை. கோட்டாவில் வந்திருந்தால்தான் என்ன? சூடு அளக்காமல் பேப்பர் போட்டது நானா? இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் லேப்டாப்பை மூடினேன். கூட்டத்தின் முடிவாக, மாணவிக்கு ஆய்வக முறைகளில் மேலும் பயிற்சி தேவை என்று எழுதினார்கள். பேராசிரியையும்தான் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அவர் என் தோளைத் தொட்டு, "நீங்க செஞ்சது கரெக்ட். ஆனா நான் வெளியாள் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். என் கைடு மேல் இருப்பதைவிட அவர் மேல் எனக்குக் கோபம் அதிகம். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விட்டு, லீவு முடிந்து லேபுக்குத் திரும்பியபோது என் அலமாரித் தட்டு காலியாக இருந்தது. நான் வளர்த்த ஈக்களின் குப்பிகள் ஒன்றுகூட இல்லை. அட்டெண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எடம் வேணும், எல்லாத்தையும் கொதிக்க வெச்சு ஊத்திடுன்னு சார் சொன்னாரும்மா." அந்தக் குப்பிகளில் பல தலைமுறை ஈக்கள் இருந்தன. காலையும் மாலையும் பார்த்துப் பார்த்துப் பிரித்து, சேர்த்து, தீனி மாற்றி வளர்த்தவை. வெறும் ஈதானே என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நான் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அதற்குமேல் அந்த லேபில் என்னால் இருக்க முடியவில்லை.

வேறு துறையில் ஒரு சார் என்னை எடுத்துக்கொண்டார். வேறு தலைப்பு, அரிசிப் பயிரின் வேர் பற்றி. முதலிலிருந்து எல்லாம். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொண்டார்கள். நான் வேர் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் பட்டம் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஈயை மறந்துவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் போன் செய்தாள்.

"அக்கா, நான் உங்க பழைய லேப்ல புதுசா சேந்திருக்கேன். அட்டெண்டர் அண்ணன்தான் உங்க நம்பர் குடுத்தாரு. உங்கள நேர்ல பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். படாளத்துக்காரி. அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினாள்.

"புழு ஓடுதுக்கா. ஊமையாக்குனதும் ஓடுது. பேப்பர்ல போட்ட மாதிரி வரவே மாட்டேங்குது. சாரு, உன் கை சரியில்லன்றாரு. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது எனக்கு."

"என்ன லைட் போடற?"

"எல்.இ.டி.தான். பழைய பல்பு ஆர்டர் போட்டிருக்கு, வந்ததும் சரியாயிடும்னு சாரு சொல்றாரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "தெரியும்! அந்தாளுக்குத் தெரியும்!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டூரிஸ்ட் வேன்காரர் ஒருவர், "இன்னாக்கா, எவனாவது ராங்கு பண்றானா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். என் ஒருத்தியோடு முடிந்தது என்றுதானே நான் விழுங்கிக்கொண்டு போனேன்! எல்லாம் தெரிந்துகொண்டே, இன்னொரு பெண்ணிடம், அதே வார்த்தைகளை, அதே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவள் தூக்கமில்லாமல் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் என் வீடியோக்களைக் காட்டவில்லை. "நீயே செஞ்சு பாரு. என்னை நம்பாத" என்றேன். அவள் தானே ஒரு தகடு வெட்டி, தானே கேமரா வைத்து, இருட்டில் சூட்டை மட்டும் வைத்துச் செய்து பார்த்தாள். அவளுக்கும் அதேதான் வந்தது. சூடு தெரியாத புழுக்கள்.

இரண்டு பேரும் படூர் கல்லூரியின் துறைத் தலைவரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "ஆமா சார், நாங்க பேசிக்கிட்டுதான் வந்தோம். புழுகிட்ட யாரும் பேசல. வீடியோவ பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை. ஒரு சீனியர் பேராசிரியரின் பெயரைக் கெடுப்பது எவ்வளவு தப்பு என்று நிறைய நேரம் பேசினார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "அந்தப் பேப்பர் போட்ட பத்திரிகைக்கே நேரா எழுதினா என்னக்கா?" எனக்கு ஏன் இத்தனை வருடமும் அது தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. எழுதினோம். அவள் வீடியோ, என் வீடியோ, சூடு அளந்த விவரம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். மாதக்கணக்கில் பதில் இல்லை. அந்த மாதங்களில் அவளுக்கு லேபில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாளாம். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று கேட்டு எனக்கு ஒருநாளும் போன் செய்யவில்லை அவள்.

கடைசியில் பத்திரிகையில் திருத்தம் வந்தது. நாலே வரி, இப்படி: எங்கள் ஆய்வகத்தில் தொடர்ந்து செய்த பரிசோதனைகளில், அந்தச் செல்கள் உணர்வது வெளிச்சத்தை அல்ல, சூட்டைத்தான் என்று தெரியவந்துள்ளது. கீழே என் கைடின் பெயர். எங்கள் இரண்டு பேரின் பெயரும் எங்கும் இல்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அந்தத் திருத்தத்தைத் தானே இணையத்தில் பகிர்ந்து, விஞ்ஞானம் என்பது தன்னைத் தானே திருத்திக்கொள்வது என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. என்ன ஒரு நேர்மை. சொந்தத் தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவர். நான் பஸ்ஸில் அதைப் படித்தேன். போனை ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று இருந்தது. அவளுக்குப் போன் செய்தால் அவள் சிரிக்கிறாள்! "விடுங்கக்கா, இப்ப என்னப் பாத்தா எழுந்து நிக்கறாரு" என்கிறாள். அவள் அங்கேயேதான் இருக்கிறாள். வெளிச்சத்தை விட்டு ஓடச் சொல்வது எந்தச் செல்கள் என்பதைச் சூடு வராத விளக்கில், தட்டின் இரண்டு பக்கமும் அளந்து, முதலிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். மூளையில் வேறு ஒரு இடத்தில் அவற்றைப் பிடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவளால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை.

இந்த வருடம் நான் வேலை செய்யும் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். ஆராய்ச்சியில் அறம் என்று தலைப்பு. சிறப்பு விருந்தினர் அவர். என்னுடைய பழைய கைடு என்பதால் சால்வை போட என் பெயரைப் போட்டிருந்தார் எங்கள் முதல்வர்.

"நான் போட மாட்டேன் மேடம்" என்றேன்.

"ஏன்மா?"

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். தாழ்ந்த குரலில் சொல்லத் தோன்றவில்லை. பல்பு, வியர்த்த மூடி, கோட்டா என்று சொன்னது, கொதிக்க வைத்து ஊற்றிய குப்பிகள், நாலு வரித் திருத்தம், எல்லாவற்றையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முதல்வர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் வேறு ஒருவர் சால்வை போட்டார். அதைப் பார்க்க நான் போகவில்லை.

ஆனால் வராந்தாவில் எதிரே வந்துவிட்டார். தோளில் சால்வை, கையில் பூங்கொத்து, சுற்றிலும் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சிரித்தார்.

"நல்லா இருக்கியாம்மா?"

"உங்க மேல கோவமா இருக்கேன் சார்" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "இன்னுமா?" என்றார், விளையாட்டாகக் கேட்பதுபோல.

"ஆமா சார். இன்னும்."

இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருந்தது. மணி அடித்துவிட்டது. அவரைத் தாண்டிப் போனேன்.